கிழக்கு வளையம்

ஆர்டிஸ் ஹூக்ஸ்ட்ராவை உட்கார வைக்க யாராலும் முடிந்ததில்லை. வெஸ்டர்மீர் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு முப்பத்துநான்கு வருடமாக அந்த அம்மாள்தான் கோச். ஆட்டம் நடக்கும்போது அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த ஆள் அயோவா மாநிலம் முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டார். பெஞ்சுக்கு முன்னால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடப்பார். நடுவர் முறைத்தால் இரண்டடி பின்வாங்குவார், அவர் தலை திரும்பியதும் மறுபடி நடப்பார். விசில் வைத்துக்கொள்ளமாட்டார். வலது குதிகாலால் தரையை ஓங்கி ஒரு மிதி. மேல் வரிசையில் பாப்கார்ன் கொறித்துக்கொண்டிருப்பவனுக்கும் அது கேட்கும்.

எழுநூற்று நாற்பத்தொரு வெற்றிகள். அதில் பாதிக்கு மேல் எதிராளியை ஐம்பது புள்ளிக்குள் மடக்கிப்போட்டு வந்தவை. கோடையில் அவர் நடத்தும் முகாம்களுக்குப் பக்கத்து மாநிலங்களிலிருந்தெல்லாம் கோச்சுகள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்காருவார்கள். அவர் சொல்வதென்னவோ ரொம்பக் கொஞ்சம்தான். பந்தைப் பார்க்காதே, எதிராளியின் இடுப்பைப் பார். கண் ஏமாற்றும், கை ஏமாற்றும், இடுப்பு போகிற பக்கம்தான் ஆள் போவாள். அப்புறம் இன்னொன்று: உன் வேலையை நீ செய், அடுத்தவள் தட்டில் கை வைக்காதே. இந்த இரண்டாவது வாக்கியத்தை எவனோ ஒரு பழைய மாணவியின் கணவன் மரப்பலகையில் செதுக்கிக் கொண்டுவந்து கொடுத்து, அது உடை மாற்றும் அறையில் தொங்குகிறது.

அந்தப் பிப்ரவரி மாதம் புதன்கிழமை மதியம் அவர் தன் சின்ன அலுவலக அறையில் நடந்துகொண்டிருந்தார். அறை நாலு எட்டுதான், ஐந்தாவது எட்டுக்குத் திரும்பியாக வேண்டும். உதவிக் கோச் க்வென் மேசைமேல் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, இவர் எப்போது நிற்பார் என்று காத்திருந்தாள். க்வென் இதே அணியில் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஆடியவள். கோச்சிடம் பயம் போனவள், மரியாதை போகாதவள்.

சனிக்கிழமை மதியம் லீக்கின் இறுதி ஆட்டம், சொந்த மைதானத்தில், கிரான்ட்லி கல்லூரியோடு. ஜெயித்தால் தேசியப் போட்டி. தோற்றால் அன்றோடு வருடம் முடிந்தது. கடைசி ஆண்டுப் பெண்களுக்குக் கூடைப்பந்தே முடிந்தது. க்வென் காட்டியது கடைசி மூன்று ஆட்டங்களின் வீடியோ. மூன்றிலும் எதிரணி ஒரே தந்திரத்தைச் செய்திருந்தது. மாரா வெஸ்ட்கார்டை அப்படியே விட்டுவிட்டார்கள். அவளை மறிக்க வேண்டிய பெண் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடிப்போய், புள்ளி குவிக்கும் கெல்சியை இரண்டாவது ஆளாக மறித்தாள். மாரா வளையத்துக்கு முன்னால் தனியாக நின்றாள். பந்து வந்தது. மாரா அதை வாங்கி, வேறு யாருக்கோ கொடுத்தாள்.

"நாலு பேரை வச்சு ஆடுறோம் கோச். மூணு மேட்ச் எப்படியோ தப்பிச்சோம். கிரான்ட்லிகிட்ட தப்ப முடியாது."

மாரா கடைசி ஆண்டு மாணவி. லீக்கிலேயே அவளைப்போல் தடுத்து ஆடுகிறவள் இல்லை. எதிரணியின் சிறந்த ஆட்டக்காரி யாராக இருந்தாலும் மாராவிடம் ஒப்படைத்துவிட்டுக் கோச் நிம்மதியாக வேறு எதற்காவது கவலைப்படலாம். நாலு வருடத்தில் அவள் கூடையை நோக்கி எறிந்த பந்துகளை எண்ணிவிடலாம். க்வென் எண்ணியும் வைத்திருந்தாள். ஆட்டத்துக்கு ஒன்றுகூடத் தேறவில்லை.

அதனால் க்வென் சொன்னது இதுதான்: சனிக்கிழமை மாராவை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, பந்து போடத் தெரிந்த வேறொருத்தியை இறக்கலாம்.

ஆர்டிஸுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. அந்தப் பெண்ணின் கடைசி ஆட்டமாகவே அது இருக்கலாம், அவளைப்போய் உட்கார வைப்பதா? மாராவின் வேலை தடுக்கிற பக்கம், அதை அவள் சரியாகச் செய்கிறாள், பந்து போடுகிற பக்கத்து வேலையை அந்தப் பக்கத்துக்காரிகள் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டு மறுபடி நடக்க ஆரம்பித்தார். க்வென் கணினியை மூடினாள். சத்தம் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது.

மறுநாள் காலை பயிற்சிக் கூடத்துக்குப் போனபோது டுவேன் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தார். பந்து, வலை, துண்டு, விளக்கு எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. முனகாமல் ஒரு திருகாணிகூட முடுக்கமாட்டார். கிழக்குப் பக்க வளையத்தில் புது வலை மாட்டிக்கொண்டிருந்தார்.

ஆர்டிஸ் நின்றார். அவருடைய பயிற்சி முறையே வேறு. கூடத்தின் மேற்குப் பக்கம் பந்து போடுகிறவர்களுக்கு, கிழக்குப் பக்கம் தடுக்கிறவர்களுக்கு. தினமும் ஒரு மணி நேரம் தனித்தனியாக, அப்புறம்தான் சேர்ந்து ஆட்டம். மேற்கு வளையத்து வலை வருடத்துக்கு இரண்டு பிய்ந்துபோகும். கிழக்கில் யாரும் கூடையில் பந்து போடுவதில்லை, அங்கே வலை பிய்வதற்கு வேலையே இல்லை.

புது வலை எதற்கு என்று அவர் கேட்டதும் டுவேன் ஏணியிலிருந்தபடியே திரும்பினார். "எட்டு வருஷம் ஒரே வலை தொங்கிச்சு. இப்ப நாலு வருஷத்துல இது மூணாவது. அந்தப் பொண்ணு காலையில ஆறு மணிக்கு வந்து ஒரே அடி அடிக்குது. நீங்க சொல்லித்தான் செய்யுதுன்னு நெனச்சேன்."

"எந்தப் பொண்ணு?"

"அதான், உசரமா, பேசாம இருக்குமே. மாரா."

அன்றைய நாள் முழுக்க ஆர்டிஸுக்கு எதுவும் ஓடவில்லை. மதியம் பேராசிரியர்கள் கூட்டத்தில் பாதியில் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். யாரோ பட்ஜெட் பற்றிக் கேட்டதற்கு வானிலை பற்றிப் பதில் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கூடத்தின் பக்கவாட்டுக் கதவருகே, பனிக்கோட்டைக்கூடக் கழற்றாமல், காப்பிக் கோப்பையோடு நின்றார். மாரா வந்தாள். காலணியை மாற்றினாள். மேற்குப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே கிழக்கு வளையத்துக்குப் போய், மூலையிலிருந்து ஆரம்பித்தாள். பந்தை எறிவாள், ஓடிப்போய் எடுப்பாள், அடுத்த இடத்துக்கு வருவாள். கோச்சாகப் பிறந்தவர்களுக்கு எண்ணாமல் இருக்க முடியாது. ஐம்பதில் முப்பத்தெட்டு உள்ளே போனது. பாதிக்கு மேல் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து. கையை மடக்கும் விதம், முழங்கால் வளையும் விதம், எல்லாம் யாரோ பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததுபோல இருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது ஆர்டிஸுக்கு நன்றாகவே தெரியும். காப்பி ஆறிப்போயிருந்தது.

அவர் உள்ளே வந்ததைப் பார்த்ததும் மாரா பந்தை இடுப்போடு அணைத்துக்கொண்டாள், திருட்டுத்தனமாக எதையோ தின்னும்போது பிடிபட்ட குழந்தை மாதிரி.

எத்தனை நாளாக என்று கேட்டார். முதல் வருடத்திலிருந்து என்றாள். ஆட்டத்தில் ஏன் போடுவதில்லை என்று கேட்டதற்கு அவள் விழித்தாள். கேள்வி புரியாமல் அல்ல, இதைப்போய்க் கேட்கிறாரே என்று.

"நீங்கதான சொன்னீங்க கோச். முதல் நாள். 'உன்னைப் பந்து போடக் கூட்டிட்டு வரல, வேணும்னா நானே கேக்குறேன்'னு."

ஆர்டிஸுக்கு அந்த நாள் நினைவில்லை. வாக்கியம் நினைவிருந்தது. தடுப்பாட்டத்துக்கென்று எடுக்கிற எல்லாப் பெண்களிடமும் முதல் நாள் அதைத்தான் சொல்வார், இருபது வருடமாக. முகாம்களில் அதைச் சொன்னால் கோச்சுகள் சிரிப்பார்கள். அவருக்கு அது ஒரு வேடிக்கைப் பேச்சு. எதிரே நின்ற பெண் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு, கேட்கும் நாளுக்காக நாலு வருடம் விடியற்காலையில் எழுந்து வந்திருக்கிறாள்.

"சரி, இங்க ஏன்? அந்தப் பக்கம் வெளிச்சம் நல்லா இருக்குமே."

"அது கெல்சியோட பக்கம்," என்றாள் மாரா.

இவ்வளவுதான் பேச்சு. மாரா பந்தை அலமாரியில் வைத்துவிட்டு வகுப்புக்குக் கிளம்பினாள். இப்போதாவது கேட்பார் என்று கதவருகே ஒரு கணம் தயங்கினாளோ என்னவோ. ஆர்டிஸ் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? காரணத்துக்கா பஞ்சம்? இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் முறையை மாற்றினால் மற்றப் பெண்கள் குழம்புவார்கள். காலிக் கூடத்தில் போடுவது வேறு, ஆயிரத்து எண்ணூறு பேர் முன்னால் போடுவது வேறு. தவறினால் அந்தப் பெண் காலம் முழுக்க அதைச் சுமக்க வேண்டும். எல்லாம் நல்ல காரணங்கள்தான். அன்று மாலைப் பயிற்சியில் அவர் மூன்று முறை மாராவின் பக்கம் போனார். மூன்று முறையும் வேறு எதையோ சொல்லிவிட்டுத் திரும்பினார். குதிகால் மிதிகூட அன்று சரியாக விழவில்லை. க்வென் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் கணவர் ஹார்லன் பன்றிக் கொட்டகையிலிருந்து வந்து, குளித்து, உருளைக்கிழங்கும் பன்றி இறைச்சியும் சூடாக்கி மேசையில் வைத்திருந்தார். கல்யாணமாகி முப்பத்தொன்பது வருடம். ஆட்டக் காலத்தில் சமையல் அவர் பொறுப்பு. ஆர்டிஸ் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்பங்கரையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"உக்காந்து சாப்பிடேன்மா. தட்டுக்குத் தலை சுத்துது பாரு."

ஆர்டிஸ் சிரிக்கவில்லை. காலையில் நடந்ததைச் சொன்னார், வலையிலிருந்து ஆரம்பித்து. ஹார்லன் மென்றுகொண்டே கேட்டார். பிறகு ஆர்டிஸ், அந்த வீட்டில் யாரும் வாய் திறக்காத ஒன்றைத் தானாகவே எடுத்தார்.

"எழுபத்துமூணுல அந்த மேட்ச் பாத்தியா நீ?"

"பாக்காம? டிவில. எங்கப்பா அன்னிக்குப் பன்னிக்குத் தீனி போடக்கூடப் போகல."

அந்தக் காலத்தில் அயோவாப் பள்ளிகளில் பெண்கள் ஆறு பேராக ஆடினார்கள். நடுக்கோட்டுக்கு ஒரு பக்கம் பந்து போடும் மூவர், மறுபக்கம் தடுக்கும் மூவர். ஒரு பக்கத்துக்காரி நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. தடுக்கிறவள் பந்தைப் பிடுங்கினால் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தோழிக்கு எறியலாம், அவ்வளவுதான். ஆர்டிஸ் தடுக்கிறவள். பள்ளியில் நாலு வருடம் ஆடி ஒரு தடவைகூடக் கூடையை நோக்கிப் பந்தை எறிந்ததில்லை, எறியவும் முடியாது. மாநில அரையிறுதியில், ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது, நாலு விநாடி மிச்சத்தில் எதிராளி கையிலிருந்து பந்தைப் பறித்தாள். நடுக்கோட்டுக்கு ஓடி வந்தாள். அந்தப் பக்கத்தில் அவளுடைய தோழிகள் மூன்று பேரையும் மூன்று பேர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். எறிய ஆளில்லை. முன்னால் பாதி மைதானம். பந்தைப் பிடித்துக்கொண்டு கோட்டருகே நின்றாள். மணி அடித்தது.

மறுநாள் பத்திரிகைகள் அவளுடைய தடுப்பாட்டத்தைப் புகழ்ந்து எழுதின. ஒருவரும் குறை சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? விதிப்படி ஆடியிருக்கிறாள்.

"எனக்கே எழுந்து உள்ள ஓடணும்போல இருந்துச்சு," என்றார் ஹார்லன். "அப்ப உன்னை யாருன்னே தெரியாது."

"தாண்டினா ஃபவுல்."

"தெரியும்மா. அந்தக் கோட்டை எவனோ போட்டான், நீ பொறக்கறதுக்கு முன்னாடியே. இந்தப் பொண்ணுக்கு யாரு போட்டது?"

ஆர்டிஸ் தட்டை மேசையில் வைத்தார். அந்த விதியை ஒழித்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. மாரா பிறப்பதற்கு முன்பே அது போய்விட்டது. கல்லூரியில் எப்போதும் ஐந்து பேர் ஆட்டம்தான், ஐந்து பேரும் எங்கு வேண்டுமானாலும் ஓடலாம். அப்படியிருந்தும் தன் கூடத்தை நடுவில் வெட்டி, கிழக்கென்றும் மேற்கென்றும் பிரித்து, அதற்கு ஒரு தத்துவத்தையும் சொல்லி, பலகையில் வேறு செதுக்க விட்டிருக்கிறார். அவருக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. யார்மேல் என்று பிரித்துப் பார்க்காமல் பனிக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, காரில் நெடுஞ்சாலைவரை போய்த் திரும்பி வந்தார். ஹார்லன் மிச்ச இறைச்சியை மூடி வைத்தார்.

இவ்வளவு தெரிந்தும் சனிக்கிழமை மதியம் ஆட்டம் தொடங்கியபோது அவர் மாராவிடம் கேட்கவில்லை. அறுபத்திரண்டு வயதில் ஒரு மனுஷி தன் வாழ்நாள் பேச்சை ஒரே இரவில் மாற்றிக்கொள்வது கதையில் நடக்கும். ஆர்டிஸ் பழக்கத்தின் பிடியில் இருந்தார். கெல்சி அடிக்க ஆரம்பித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தார்.

கெல்சியை கிரான்ட்லிப் பெண்கள் இரண்டு பேர் சேர்ந்து அமுக்கினார்கள். மாரா தனியாக நின்றாள். அரங்கத்தில் ஒருவன், உள்ளூர்க்காரன்தான், "அந்தப் பொண்ணுக்கு ஒரு நாற்காலி போடுங்கப்பா, காலு வலிக்கும்" என்று கத்தினான், சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மாராவின் முகம் மாறவில்லை. இடைவேளையில் எட்டுப் புள்ளி பின்னால்.

மூன்றாம் பகுதியின் நடுவில் க்வென் காதருகே வந்து மறுபடி சொன்னாள். ஆர்டிஸ் தலையாட்டினார். மாரா வெளியே வந்தாள், இன்னொருத்தி உள்ளே போனாள். மாரா பெஞ்சின் கோடியில் உட்கார்ந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். அடுத்த மூன்று நிமிடத்தில், அதுவரை மாரா கட்டிப்போட்டிருந்த கிரான்ட்லியின் உயரமான பெண் தனியாகவே பத்துப் புள்ளி அடித்தாள். மாராவை வைத்தால் புள்ளி வராது, எடுத்தால் புள்ளி போகும். முப்பத்துநான்கு வருட சாமர்த்தியமும் இந்த இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றது.

மாராவைத் திரும்ப உள்ளே அனுப்பினார். கடைசிப் பகுதியில் ஆறு நிமிடம் மிச்சமிருக்கும்போது ஐம்பத்தெட்டுக்கு நாற்பத்தைந்து. ஆர்டிஸ் டைம் அவுட் கேட்டார்.

பெண்கள் பெஞ்சில் வந்து விழுந்தார்கள். ஆர்டிஸ் யாரையும் பார்க்காமல் மாராவுக்கு முன்னால் தரையில் முழங்காலிட்டார். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன.

"மாரா. கேக்குறேன்."

மாரா தண்ணீர் பாட்டிலை வாயிலிருந்து எடுத்தாள். அவள் முகத்தில் மகிழ்ச்சி எதையும் ஆர்டிஸ் பார்க்கவில்லை.

"இப்பவா கோச்?"

"இப்பதான். போடு."

"போகலன்னா?"

"போகலன்னா மறுபடி போடு. நான் உன்னை வெளிய எடுக்கமாட்டேன்."

முதல் பந்து வளையத்தில்கூடப் படவில்லை. அரங்கம் முனகியது. மாரா கண்ணெடுத்து பெஞ்சைப் பார்த்தாள், ஆர்டிஸ் குதிகாலால் ஒரு மிதி மிதித்தார். அடுத்தது உள்ளே போனது, மூன்று புள்ளி. அதற்கடுத்ததும். கிரான்ட்லிக் கோச் எழுந்து நின்று கையை விரித்தார், இது எங்கிருந்து வந்தது என்று. அவர் பெண்கள் இன்னும் நம்பவில்லை, மாராவை இன்னொரு முறை தனியாக விட்டார்கள். மூன்றாவதும் உள்ளே போனது. அந்தப் பக்கம் மாரா தடுத்தாள், இந்தப் பக்கம் மாரா அடித்தாள். நாற்காலி போடச் சொன்னவன் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தான். ஆறு நிமிடத்தில் அவள் மட்டும் பதினான்கு புள்ளி.

எட்டு விநாடி இருக்கும்போது அறுபத்துநான்குக்கு அறுபத்துமூன்று. ஒரு புள்ளிதான் குறை, பந்து வெஸ்டர்மீர் கையில். இப்போது மாராவைத் தனியாக விட அவர்கள் முட்டாள்களா? அவள் கைக்குப் பந்து வந்ததும் இரண்டு பேர் பாய்ந்தார்கள். கெல்சி தனியாக நின்றாள். மாரா பார்த்தாள், கொடுத்தாள். சரியான முடிவு, எந்தக் கோச்சும் அதைத்தான் சொல்லியிருப்பார். கெல்சி எறிந்தாள். பந்து வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது. மணி அடித்தது.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. தோற்றவர்களுக்கு அவ்வளவு கைதட்டல் வெஸ்டர்மீரில் யாரும் கேட்டதில்லை. கெல்சி தரையில் உட்கார்ந்து அழுதாள். மாராதான் அவளைத் தூக்கி நிறுத்தினாள்.

அரை மணி நேரம் கழித்து, பக்கத்து வகுப்பறையில் மடக்கு மேசை போட்டு, வழக்கம்போலப் பத்திரிகைக்காரர்கள் சந்திப்பு. மூன்றே பேர். ஆர்டிஸ் வந்து உட்கார்ந்தார், பக்கத்தில் மாரா. உள்ளூர் வானொலிக்காரர் மாராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார், இத்தனை நாளும் இந்தத் திறமையை எந்தப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தாய் என்று.

"அப்படியெல்லாம் இல்ல," என்றாள் மாரா. "நான் தயாராகல, அவ்வளவுதான். கை இந்த வாரம்தான் வந்துச்சு. கோச் சரியான நேரத்துல கேட்டாங்க."

ஆட்டத்தில் தன்னைவிடப் பெரிய ஆள் ஓடிவரும் வழியில் போய் நின்று மார்பில் இடி வாங்கும்போது அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. தடுக்கிறாள். யாரைக் காப்பாற்றத் தடுக்கிறாள் என்பது ஆர்டிஸுக்குப் புரிந்தது. சும்மா இருந்திருக்கலாம். வானொலிக்காரர் தலையாட்டி எழுதிக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு கேள்வி, எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

"அது உண்மையில்ல," என்றார் ஆர்டிஸ். "அவ நாலு வருஷமா தயாரா இருந்தா. தினமும் காலையில ஆறு மணிக்கு வந்து போட்டா. நான் பாக்கல. கேக்கல. அவளைப் போடக்கூடாதுன்னு நான்தான் சொல்லி வச்சிருந்தேன். வியாழக்கிழமை எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அப்பவும் கேக்கல. இன்னிக்கு முதல்லயே கேட்டிருந்தா ஜெயிச்சிருப்போம். அப்படியே எழுதுங்க."

பேனாக்கள் நின்றன. சொல்லி முடித்தபோது ஆர்டிஸுக்கு நெஞ்சில் ஏதோ இறங்கியதுபோல இருந்தது, இரண்டு நாளில் முதல் தடவையாக. பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். மாரா எழுந்துவிட்டிருந்தாள். நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு வெளியே போனாள்.

ஆர்டிஸ் அடுத்த கேள்வியைக் காதில் வாங்காமல் பின்னாலேயே போனார். நடைபாதையில், தண்ணீர்க் குழாய் அருகே மாரா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். ஆட்டத்தில் அழாதவள் இப்போது அழுதுகொண்டிருந்தாள்.

"ஏன் சொன்னீங்க?"

"அதானம்மா உண்மை."

"உண்மை எனக்குத் தெரியாதா?" குரல் உயரவில்லை. "தயாராகலன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன் கோச். கார்ல அப்பா கேட்டா அதையே சொல்லியிருப்பேன். அஞ்சு வருஷம், பத்து வருஷம் போனா நானே அதை நம்பியிருப்பேன். இப்ப நம்ப முடியாது. என்னால முடியும், முதல்லேருந்தே முடிஞ்சிருக்கும்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. இனிமே மேட்சே இல்ல."

ஆர்டிஸ் வாயைத் திறந்தார். அது என் தப்பு, உன்னுடையதில்லை என்றார்.

"தெரியும். என் தப்பா இருந்தா எப்படியாவது சரி பண்ணியிருப்பேன்."

தன் பாரத்தை இறக்க வேண்டுமென்று அதை அந்தப் பெண்ணின் தலையில் இறக்கிவிட்டோம் என்று ஆர்டிஸுக்கு அப்போதுதான் உறைத்தது. உண்மையைச் சொல்வதற்கு முன்னால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதையும் கேட்கவில்லை. எழுபத்துமூன்றைப் பற்றிச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். அது இவளுக்கு எதற்கு?

மாரா சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நடைபாதைக் கோடியில் கதவு திறந்து, பனித் தொப்பி போட்ட ஒருவர் எட்டிப் பார்த்தார். அவளுடைய அப்பா. காருக்குள் கதகதப்பாகிவிட்டது, வரலாம் என்று சைகை காட்டினார். மாரா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டடி போய்த் திரும்பினாள்.

"முதல் வருஷமே ஒரு தடவை கேட்டிருக்கலாம் கோச்."

"கேட்டிருக்கலாம்," என்றார் ஆர்டிஸ்.

மாரா இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். அவ்வளவு ஜெயித்தவரிடம் சொல்வதற்கு இன்னும் ஏதாவது இருக்கும் என்று நினைத்திருப்பாள். அப்பா மறுபடி கூப்பிட்டார். மாரா போனாள்.